ஏழு கையெழுத்துகள்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டைப்ரைட்டரில் 'ழ' சரியாக விழவில்லை, ஐயா. எழுத்துக்குள் மசி அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாகத்தான் ரைட்டர் சொன்னார். முதல் வரியிலேயே என் பெயரை ஞானதாசன் என்று எழுதிவிட்டார். அதைப் பார்த்த பிறகு, நானே தட்டித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களும் சரி என்றீர்கள். நன்றி.

என் பெயர் ஞானதாஸ். வயது நாற்பத்து மூன்று. அப்பா மிக்கேல், விருத்தாசலம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து காலமானவர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கணவனை இழந்த என் தங்கை இஞ்ஞாசியம்மாளும் நானும் மாதா கோயில் தெருவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். வெண்கமலம் பீங்கான் தொழிலகத்தில் பதினான்கு வருடமாக டைப்பிஸ்ட்.

அங்கே செய்வது ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கோப்பை, கொஞ்சம் பொம்மை. ஜாடியை ஒருமுறை சுட்டு எடுத்த பிறகு, வெள்ளையாக ஒரு குழம்பில் முக்கி மறுபடி சூளைக்கு ஏற்றுவார்கள். அந்தக் குழம்புதான் கிளேஸ். மினுமினுப்பு அதிலிருந்து வருவது. எந்தப் பொடி எத்தனை பங்கு என்று ஒரு தாள் கிளேஸ் ரூம் சுவரில் தொங்கும். அந்தத் தாளைத் தட்டுவது என் வேலை.

ஒரு புதுத் தாள் வர ஆறு நாள் ஆகும். கெமிஸ்டு பரக்கத்துல்லா லேபில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். உதவியாளர் நிறுப்பார். சின்ன அடுப்பில் ஒரு வில்லையைச் சுட்டுப் பார்ப்பார்கள். அது ஆறும் வரை காத்திருப்பார்கள். பிறகு கெமிஸ்டு கையால் எழுதிய மூலம், கையெழுத்துப் படி, என் மேஜைக்கு வரும். ஆபீஸ் பெரிய டைப்ரைட்டரில் தட்டி அனுப்புவேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்த்து என்று விதிமுறையில் இருக்கிறது.

எனக்கு அந்த ஆறு நாள் பொறுக்கவில்லை. பரக்கத்துல்லாவிடம் எனக்குப் பகை கிடையாது. மங்கலம்பேட்டைக்காரர், பி.எஸ்ஸி. படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எனக்கு இருந்தது ஒரு கேள்வி மட்டும். லேபில் நடப்பது என்ன? பொடிகளின் பெயர்ப் பட்டியல், கூட்டல், தப்பு வந்தால் தடுப்பது. இந்த மூன்றையும் ஒரு சின்ன டைப்ரைட்டருக்குள் ஏன் வைக்க முடியாது? தட்டுகிறவன் தட்டும்போதே மிஷின் அவன் தப்பைப் பிடித்துவிட்டால், அத்தனை பெரிய லேப் எதற்கு?

1962இல் கடலூரில் ஒரு சின்ன டைப்ரைட்டர் பழையதாக வாங்கினேன். கைப்பிடி வைத்த பெட்டியில் அடங்குவது. ஐந்து கிலோ. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் செய்தது தகரப் பட்டைகள். ஒவ்வொரு கிளேஸுக்கும் ஒரு பட்டை. அதை மிஷினின் முதுகில் செருகினால் எங்கே எண் வர வேண்டுமோ அங்கே மட்டும், தாளைச் சுமந்து நகரும் கேரேஜ் நிற்கும். இதற்கு எட்டு மாதம். அடுத்தது கூட்டல். பழைய சைக்கிள் மீட்டர் ஒன்றின் பல்சக்கரங்களை எடுத்து எண் விசைகளோடு கம்பியால் இணைத்தேன். பங்குகள் எல்லாம் சேர்ந்து நூறு வந்தால்தான் மணி அடிக்கும். ஒன்றுகளின் இடம் வேலை செய்தது. பத்துகளின் இடத்துக்குச் சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் ரிப்பன் ஓடவில்லை. ரிப்பனைச் சரிசெய்தால் பட்டை நழுவியது. ஒன்றைச் சேர்த்தால் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த ஒன்று கெட்டது. கெட்டதைச் சரிசெய்ய இன்னொன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. இப்படியே ஏழு வருடம் போனது. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முழுக்க முழங்காலில் இருந்தபடி நான் யோசித்தது நான்காம் எண் விசை ஏன் திரும்பி எழவில்லை என்பதைத்தான்.

இஞ்ஞாசி சாப்பாட்டுத் தட்டை வைக்க இடம் தேடுவாள்.

"சின்ன மிஷினுன்னுதானே வாங்கியாந்தே? இப்ப நகத்தணும்னா ரெண்டு ஆளு வேணும் போல இருக்குது."

அவள் சொன்னது உண்மை. 1969இல் அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பதினாறு கிலோ. ஆபீஸ் மிஷினைவிட ஒரு கிலோதான் குறைவு. அந்த ஒரு கிலோவை நான் எல்லோரிடமும் சொன்னேன்.

கடைசியாகச் சேர்த்த பூட்டுதான் முக்கியம். அதைச் சொல்ல வேண்டுமானால் ஈயத்தைச் சொல்ல வேண்டும். ஈயம் இல்லாமல் எங்கள் ஜாடிக்கு அந்தப் பளபளப்பு வராது. ஆனால் ஈயப் பொடியை அப்படியே கலக்கக் கூடாது. அது கை வழியாகவும் வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போய்த் தங்கிவிடும். அதனால் முதலில் அதை மணலோடு சேர்த்து உருக்கிக் கண்ணாடியாக்குவார்கள். அந்தக் கண்ணாடியை இடித்துச் சலித்துக் கலந்தால் அவ்வளவு ஆபத்து இல்லை. தாளில் முதலாவதன் பெயர் ஈயப் பொடி. இரண்டாவதன் பெயர் ஈயக் கண்ணாடிப் பொடி. இரண்டும் வெள்ளை. ஸ்டோரில் பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்களில் இருக்கும்.

என் மிஷினில் 'ஈ' தட்டினால் ஒரு கொக்கி விழும். அதே வரியில் 'ண' தட்டினால்தான் கொக்கி எழும். எழாவிட்டால் கேரேஜ் அடுத்த வரிக்குப் போகாது. அதாவது கண்ணாடி என்ற சொல் இல்லாமல் ஈயம் என்று என் மிஷினில் எழுதவே முடியாது. படிக்காதவன் தட்டினாலும் முடியாது. தூங்கி வழிகிறவன் தட்டினாலும் முடியாது. இப்படி ஒன்றை அந்த லேபில் யாரும் செய்து வைத்திருக்கவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி கொளஞ்சியப்பன் முன்னால் அதை வைத்தேன். பரக்கத்துல்லாவும் இருந்தார். ஒரு தாளைத் தட்டினேன். மூன்றாவது வரியில் மிஷின் பூட்டிக்கொண்டது. தட்டியதில் தப்பு எதுவும் இல்லை. நான்காம் எண் விசை மறுபடி எழவில்லை, அவ்வளவுதான். திருப்புளியால் விடுவித்து மறுபடி தட்டினேன். மறுபடி பூட்டிக்கொண்டது. முதலாளி மிஷினைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்னாய்யா ஞானதாசு, இந்தக் கனத்துக்கு லேபையே தூக்கிட்டுப் போயிடலாம் போல இருக்குதே."

ஸ்டோர் சாமிக்கண்ணு வாசற்படியில் நின்று சிரித்தார். பரக்கத்துல்லா சிரிக்கவில்லை. குனிந்து கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்த பிறகு சொன்னார்.

"நல்ல வேலைண்ணே இது. பொய்யாச் சொல்லல. ஆனா மிஷினு எழுத்தத்தான் பாக்கும். நெருப்புல என்ன ஆவும்னு சுட்டுப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் லேபு. அப்பறம் கடேசியா ஒரு மனுசன் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்ல."

அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு வருடம் என்னிடம் இருந்தது. ஏனென்றால் அவர் படிப்பதில்லை. மாதக் கடைசியில் நாற்பது தாள் அவர் மேஜைக்குப் போகும். கீழ்மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போடுவார். டீ குடித்துக்கொண்டே போடுவார். நான் எதிரில் நின்று பார்த்திருக்கிறேன். நான்காம் எண் விசையை அதற்குள் முழுக்கச் சரிசெய்துவிட்டேன். ஆயிரம் தடவை தட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. இதை முதலாளியிடம் நான்கு முறை சொன்னேன். பார்க்கலாம் என்று மூன்று முறை சொன்னார். நான்காவது முறை, "அந்தப் பேச்ச வுடு" என்றார்.

1971 ஆகஸ்டில் ஜாடிக் கிளேஸுக்குப் புதுத் தாள் வந்தது. லேபில் கண்ணாடிப் பொடி போட்டுச் சுட்டுப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் படியில் 'ஈயக் கண்ணாடிப் பொடி, முப்பத்தெட்டு பங்கு' என்று தெளிவாக இருந்தது. நான் ஆபீஸ் பெரிய மிஷினில் 'ஈயப் பொடி, முப்பத்தெட்டு பங்கு' என்று தட்டினேன்.

மறந்து தட்டவில்லை. அன்று காலை பத்தரை மணி. ஜன்னல் திறந்திருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் நினைத்தது இதுதான். தாள் அவரிடம் போகும். படித்தால் பிடித்துவிடுவார். பிடித்தால், லேப் தன் வேலையைச் செய்கிறது என்று நான் ஒப்புக்கொண்டு என் மிஷினைக் கழற்றிவிடுவேன். படிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் நானே போய்ச் சொல்லுவேன், பக்கத்தில் என் மிஷினை வைத்து அதே வரியைத் தட்டிக் காட்டுவேன். நியாயமான பரீட்சை. ஒரு ஆளுக்கும் கெடுதல் வராது.

பதினோரு மணிக்குத் தாள் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. மை காயவில்லை.

வாரம் முடிந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். டைப்பிஸ்ட் ஒரு சொல்லை விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தான் என்பார்கள். மிஷினைப் பார்க்க மாட்டார்கள். அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் லேப் தவறிவிட்டது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்வார்கள். அதனால் காத்திருந்தேன்.

கிளேஸ் ரூமில் தாள் குழம்பு தெறித்து அழுக்காகும் என்பதால் மாதம் ஒருமுறை புதிதாகத் தட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆகவே மாதம் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். செப்டம்பரில் அந்தத் தாளைக் கட்டின் மேலே வைத்தேன். அக்டோபரில் தனியாகக் கொண்டுபோய் நானே நீட்டினேன். நவம்பரில் அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு ரிப்பனில் தட்டினேன். பரக்கத்துல்லா அதைப் பார்த்தார்.

"கலரெல்லாம் நல்லா இருக்குதுண்ணே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் என்ன செய்ய முடியும், ஐயா? அதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிச் சுட்டிக்காட்டுவான்?

சாமிக்கண்ணுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பொடிப் பீப்பாய் குறையவே இல்லை. ஈயப் பொடிப் பீப்பாய் மூன்றாவது மாதமே அடி தட்டியது. கேட்டேன். "தாளுல இருக்கறத அள்ளிக் குடுக்கறேன். கையெழுத்து இருக்குதுல்ல" என்றார். இதில் இன்னொரு சங்கடம், ஜாடிகள் முன்னைவிடப் பளபளவென்று வந்தன. சேத்தியாத்தோப்புச் சந்தையிலிருந்து ஆள் அனுப்பி இந்த மாதிரியே வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி பரக்கத்துல்லாவின் தோளில் தட்டினார். நான் தாள் தட்டும் மேஜையிலிருந்து அதைப் பார்த்தேன்.

பாஞ்சாலை கிளேஸ் ரூமில் ஜாடி முக்குகிறவள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். முழங்கை வரை குழம்பில் விட்டு ஜாடியைச் சுழற்றி எடுப்பாள். ஒரு சொட்டுக் கூடுதலாக ஒட்டாது. நவம்பரில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. வாயு என்றார்கள். டிசம்பரில் நிமிர்ந்து நிற்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"டைப்பய்யா, லீவுக்கு ஒரு கடுதாசி தட்டிக் குடுங்க. வாயெல்லாம் துட்டைக் கடிச்சாப்புல ஒரு ருசி. சோறு எறங்க மாட்டேங்குது."

தட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் லீவு கிடைத்தது. நான்காம் நாள் வந்துவிட்டாள். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள்.

இஞ்ஞாசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்ததாக இருக்கக் கூடாது. அக்டோபரில் பாஞ்சாலைதான் அவளுக்குக் கிளேஸ் ரூமில் வேலை சொல்லி வைத்தாள். எனக்கு அன்று மாலைதான் தெரியும்.

"வேணாம்" என்றேன்.

"ஏன் வேணாம்? பத்து வருசமா உன் சோத்தத் தின்னுட்டு வூட்டுல உக்காந்திருக்கேன். நாலு பேரோட நானும் போயி வரேன்."

அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை. ஒருத்தியிடம் சொன்னால் அது கிளேஸ் ரூமில் மற்ற மூன்று பேருக்கும் போகும், அங்கிருந்து லேபுக்குப் போகும். பரீட்சை எழுதுகிறவனிடம் விடையைச் சொல்லிவிடுவது போல ஆகிவிடும். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அன்றே கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வந்தேன். சாப்பிடும் முன்பு கையை நகக் கண் வரைக்கும் தேய்த்துக் கழுவச் சொன்னேன். தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத் தோழிகளிடம் காட்டி, எங்கண்ணன் வாங்கித் தந்தது என்று சொல்லிக்கொண்டாளாம்.

ஜனவரியில் அவளால் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியவில்லை. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டோடு தொங்கியது. விரல்கள் இருந்தன, எழவில்லை. நான் அந்தக் கையை எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். நான்காம் எண் விசைதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

அடுத்த நாள் வாடகை வண்டி வைத்து மிஷினை முதலாளியிடம் கொண்டுபோனேன். இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கேட்டேன். "கிளேஸ் ரூம் சுவரில் தொங்குகிற தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதை அப்படியே இதில் தட்டுகிறேன், என்ன ஆகிறது என்று பாருங்கள்" என்றேன். இதே வார்த்தைகள். அவர் சிதம்பரம் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஞானதாசு, உனக்கு எத்தினி வாட்டி சொல்றது? அத எடுத்துட்டுப் போயி வூட்டுல வெச்சுக்க. இனிமே இங்க கொண்டாந்தீன்னா நல்லா இருக்காது."

பத்து நிமிடம் கொடுத்திருந்தால் பாஞ்சாலை இருந்திருப்பாள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, நாள் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து நானே அந்தத் தாளை என் மிஷினில் தட்டினேன். 'ஈயப் பொடி' வரியில் கேரேஜ் நின்றது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அந்த ஏழு மாதத்தில் ஒவ்வொரு மாதமும் அப்படித் தட்டினேன். ஒவ்வொரு முறையும் நின்றது. என் வாழ்க்கையில் வேறு எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. பக்கத்தில் பார்க்க ஒரு ஆள் இல்லை.

பிப்ரவரி பதினாறாம் தேதி பாஞ்சாலைக்கு வேலை இடத்திலேயே வலிப்பு வந்தது. கடலூருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்து இறந்தாள். அவளுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும். நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கி வெயிலில் அரை மைல் நடக்க வேண்டும். அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, லீவுக் கடுதாசி தட்டித் தந்தவர் இவர்தான் என்று மற்றவர்களிடம் சொன்னார்.

அந்த மாதமும் தாள் புதுப்பித்தார்கள். ஏழாவது கையெழுத்து.

மார்ச் மாதம் இஞ்ஞாசியைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவள் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரம் நீலமாக ஒரு கோடு இருந்தது. எங்கே வேலை என்று கேட்டார். சொன்னோம். இது ஈய விஷம் என்று சொல்லித் தொழிலகத்துக்குத் தாமே போன் போட்டார். நாங்கள் பஸ் பிடித்து விருத்தாசலம் வந்து, அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் ஆபீஸ் போனபோது பரக்கத்துல்லா கிளேஸ் ரூம் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தாளை அவர் படித்தது அன்றுதான் முதல் தடவை. ஆறே வரி. வெகு நேரம் படித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழம்புத் தொட்டிகளைக் கவிழ்க்கச் சொல்லி அவர் போட்ட சத்தத்தில் பெண்கள் பயந்துபோனார்கள்.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. முடிந்தது, இனி மிஷினைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை. முதலாளி ஒரு வக்கீலையும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரையும் வைத்து விசாரணை நடத்தினார். ஆகஸ்டு மாதத்துக் கையெழுத்துப் படி என் மேஜைக் குத்தூசியிலேயே இருந்தது. நான் அதைக் கிழித்துப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் கண்ணாடி இருந்தது, தட்டிய தாளில் இல்லை. பரக்கத்துல்லா ஒன்றையும் மறுக்கவில்லை. "கையெழுத்து என்னுது. படிக்காம போட்டேன். ஏழு தடவையும்" என்றார். அவரை வேலையிலிருந்து நீக்கி, உங்களிடம் புகார் கொடுத்து, வழக்கும் போட்டாயிற்று. என்னை ஐந்து நிமிடம் நிற்க வைத்து, வேலைப் பளுவா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கண் பார்வை எப்படி என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். மிஷினைப் பற்றி ஆரம்பித்தேன். வக்கீல் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். அறிக்கை வந்தது. 'தட்டச்சரின் கவனக்குறைவால் ஒரு சொல் விடுபட்டுள்ளது. எச்சரிக்கப்படுகிறார்.'

அதையும் நான் பொறுத்திருப்பேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பரக்கத்துல்லா எங்கள் வீட்டுக்கு வந்தார். இளைத்துப்போயிருந்தார். அவருடைய மச்சான் குவைத்துக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறாராம். வழக்கை விட்டுவிட்டு ஓட மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம். இஞ்ஞாசி கட்டிலில் கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் முன்னால் நின்று, "மன்னிச்சுக்கம்மா" என்றார். அவள் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. ஒரு சொல்லு விட்டுப் போறது யாருக்கும் வரும். மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். அத நான் பிடிச்சிருக்கணும். கோர்ட்டுலயும் உங்க மேல பழி வராம பாத்துக்கறேன்."

என்னை மன்னிக்க வந்திருந்தார். தட்டுவதில் தவறிவிட்டேன் என்று என்னை மன்னிக்க, மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். மூலையில் என் மிஷின் துணி போர்த்தி இருந்தது. அவர் அதன் பக்கம் பார்க்கவேயில்லை.

அவர் போன பிறகு இஞ்ஞாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரிடமும் அதற்கு முன் சொன்னதில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் சொல்லவில்லை. பாவம் என்று தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன். மிஷினின் துணியை எடுத்து, 'ஈ' தட்டி, கொக்கி விழுவதையும் காட்டினேன். அவள் கொக்கியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த சோப்பு?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"பாஞ்சாலைக்கு வாங்கிக் குடுத்தியா?"

 எனக்கு அது தோன்றவில்லை.  அவள் மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியநாயகியைக் கூப்பிட்டுத் துணிமணியை மூட்டை கட்டச் சொல்லி, கம்மாபுரத்தில் இருக்கும் எங்கள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மூட்டையைத் தானே தூக்க முடியாததால் பெரியநாயகி பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். என்னைத் தொட விடவில்லை.

அந்த ஏழு மாதத்தில் சந்தைக்குப் போன ஜாடிகள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். புளிப்பு பட்டால் அவற்றிலிருந்தும் ஈயம் இறங்கலாம் என்று பரக்கத்துல்லா வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் வீட்டு அலமாரியில் எது இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அது என் துறை இல்லை. அவற்றைத் திரும்ப வாங்க ஆள் அனுப்பினால் நல்லது என்று மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆகவே, ஞானதாஸ் ஆகிய நான் தெரிந்தே அந்தச் சொல்லை எடுத்தேன். ஏழு மாதம் தெரிந்தே எடுத்தேன். அதனால் பாஞ்சாலை இறந்தாள், என் தங்கையின் கைகள் போயின. இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் வக்கீல் வைக்கப்போவதில்லை. ஒரே ஒரு கோரிக்கை. அந்த அறிக்கையில் 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். அதில் உண்மை இல்லை. அந்தத் தாளை ஒவ்வொரு மாதமும் மூலத்தோடு வைத்து மூன்று முறை சரிபார்த்த பிறகே அனுப்பினேன். அந்தத் தொழிலகத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவன் நான் ஒருவன்தான்.